விடெக் தூக்குற இடம்

காரைக்குடி நூறடி ரோட்டில் பல் ஆஸ்பத்திரி நடத்தும் சிவரஞ்சனிக்கு இரண்டு வகை ஆட்களைப் பிடிக்காது. வாயைத் திறங்க என்றதும் பேச ஆரம்பிக்கிறவர்கள் ஒரு வகை. அவளுடைய காரைப் பார்த்து, "இன்னுமா இதை வச்சிருக்கீக?" என்று கேட்கிறவர்கள் இன்னொரு வகை.

கார் சிவப்பு நிறம். இருபது வயது தாண்டியது. கோயம்புத்தூரில் ஒரு கார் பைத்தியத்திடம் இருந்து அவளே போய்ப் பேசி வாங்கி, அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள். அதன் இன்ஜினுக்கு இரண்டு குணம். மெதுவாக ஓடும்போது ஒரு சின்ன கேம், அதாவது வால்வைத் தள்ளித் திறக்கிற மேடு, வேலை பார்க்கும். வால்வு கொஞ்சமாகத் திறக்கும், வண்டி சாதுவாக இருக்கும். வேகம் ஏறினால் ஒரு கட்டத்தில் பெரிய கேம் வந்து பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். வால்வு அகலமாகத் திறக்கும், காற்றை வாரிக் குடித்துக்கொண்டு வண்டி குரலை மாற்றி உறுமும். கார் பிரியர்கள் இதை விடெக் என்பார்கள். எந்த இடத்தில் சின்னது போய்ப் பெரியது வர வேண்டும் என்பதை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி தீர்மானிக்கும். கோயம்புத்தூர்க்காரர் அந்தப் பெட்டியை மாற்றி, தன் இஷ்டத்துக்கு ஒரு கணக்கைப் போட்டு வைத்திருந்தார். இன்ஜின் நிமிஷத்துக்கு ஐயாயிரத்து எண்ணூறு சுற்றைத் தொட்டதும் வண்டி பின்னாலிருந்து ஒரு எத்து எத்தும். முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும்.

அந்த எத்துக்காகத்தான் சிவரஞ்சனி அந்தக் காரை வாங்கினாள். நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் குனிந்து பார்த்துவிட்டு, சாயங்காலம் குன்றக்குடி ரோட்டில் ஒரு தடவை அந்த எத்தை வாங்கிக்கொண்டு வந்தால்தான் அவளுக்கு அன்றைய பொழுது முடிந்ததாகக் கணக்கு.

அவள் கணவர் முருகப்பனுக்கு அது ஆகவே ஆகாது. அவர் கானாடுகாத்தானில் பெரிய பழைய வீடு ஒன்றை எடுத்து, வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற ஓட்டலாக நடத்துகிறார். யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர். ஆனால் அந்தக் காரில் ஏறினால் ஜன்னலுக்கு மேலிருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "முருகா, முருகா" என்று சத்தமாகவே சொல்லுவார். ஒரு தடவை கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அதற்குப் பிறகு பின் சீட்டுக்கு மாறிக்கொண்டார்.

செட்டிநாட்டில் யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடக்கிறது. அங்கே ஒரு கார் கிளப்காரர்கள் அனுமதி வாங்கி வருஷத்துக்கு ஒரு தடவை பந்தயம் வைத்தார்கள். இரண்டு இரண்டு வண்டியாக நிற்க வேண்டும், கொடி விழுந்ததும் நேராகப் பறக்க வேண்டும், அவ்வளவுதான். போன வருஷம் சிவரஞ்சனி அதில் கலந்துகொண்டு, சிங்கம்புணரியில் கயிறு ஆலை வைத்திருக்கும் அழகுசுந்தரத்திடம் தோற்றாள். அவருடையது மஞ்சள் கலரில் புத்தம் புதுக் கார். பந்தயம் முடிந்து அவர் இறங்கி வந்து சொன்னார்:

"டாக்டரம்மா, உங்க வண்டிச் சத்தம் பிரமாதம். நான்தான் முந்திப் போயிட்டேனா, முழுசாக் கேக்கக் குடுத்து வைக்கல."

வருஷம் முழுக்க அந்த வாக்கியம் அவள் காதுக்குள் இருந்தது. இந்த வருஷப் பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, காரை எடுத்துக்கொண்டு தேவகோட்டை ரோட்டில் இருக்கும் முஜிபுர் ரகுமானின் பட்டறைக்குப் போனாள்.

முஜிபுர் சார்ஜாவில் பந்தயக் கார் பட்டறை ஒன்றில் பல வருஷம் இருந்தவர். ஆனால் அந்தப் பட்டறைக்கு மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வண்டிகள் வருவது அவர் மனைவி பர்வீன் பானுவுக்காக. கம்ப்யூட்டர் படித்துவிட்டுக் கல்யாணமாகி சார்ஜா போன பர்வீன், வீட்டில் பொழுது போகாமல் புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் பட்டறையில் உட்கார்ந்து, அங்கே இன்ஜின் கணக்குப் போடுகிறவனை முதலில் வேடிக்கை பார்த்தாள். பிறகு கேள்வி கேட்டாள். பிறகு அவனைத் திருத்த ஆரம்பித்தாள். இப்போது ஸ்பானர் முஜிபுர் கையில், லேப்டாப் பர்வீன் கையில். அவள் போட்ட கணக்கில் யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால் அந்த வண்டிக்குப் பட்டறையில் மறுபடி இடம் கிடையாது.

"என்ன வேணும் டாக்டரக்கா?" என்றாள் பர்வீன்.

"ஜெயிக்கணும். அதோட வண்டி எத்தித் தூக்குதுல்ல, அது இன்னும் நல்லாத் தூக்கணும்."

பர்வீன் பக்கத்து சீட்டில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டாள். சிவரஞ்சனி புறவழிச்சாலைப் பக்கம் ஓட்டிப்போய், தனக்குத் தெரிந்த வித்தையைக் காட்டினாள். வண்டி எத்தியது. சிவரஞ்சனி சிரித்தாள். பர்வீன் சிரிக்கவில்லை.

"அக்கா, தூக்குறதுக்கு முன்னாடி என்ன நடக்குதுன்னு கவனிச்சிருக்கீகளா?"

"முன்னாடி என்ன? தூக்கப் போகுதுன்னு காத்துக்கிட்டு இருப்பேன்."

"அதான். நீங்க காத்துக்கிட்டு இருக்கீக, வண்டியும் காத்துக்கிட்டு இருக்கு. சின்ன கேமுக்கு நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேல மூச்சு முட்டிருது. கணக்குப் போட்டவுக அதை ஐயாயிரத்து எண்ணூறு வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போறாக. அந்த இடம் பூராவும் வண்டி தொங்கிக்கிட்டுக் கிடக்கு. அப்புறம் பெரிய கேம் வரவும் பறக்குற மாதிரி இருக்கு."

"மாதிரி என்ன மாதிரி? பறக்குது!"

"பள்ளத்துல கிடந்துட்டு ஏறுறீக. அதுக்குப் பேரு பறக்குறதா?"

சிவரஞ்சனிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஜெயிக்க வேண்டியிருந்ததால் சரி என்றாள்.

பந்தயத்துக்கு முந்தின வாரம் ஓடுதளத்தில் பழகிப் பார்க்க விட்டார்கள். காலையிலேயே போய்விட்டார்கள். சிவரஞ்சனி ஓட்ட, பக்கத்தில் பர்வீன் லேப்டாப்போடு. சைலன்சருக்குள் முஜிபுர் ஒரு கருவியை மாட்டி, அதன் வயரை ஜன்னல் வழியாக உள்ளே விட்டிருந்தார். பெட்ரோல் கூடப் போகிறதா குறையப் போகிறதா என்று அது சொல்லும். முருகப்பன் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், "அண்ணே, பின்னால ஏறி உட்காருங்க. பின்பக்கம் ஆடாம இருக்க எடை வேணும்" என்று பர்வீன் சொன்னதும் தட்ட முடியாமல் ஏறிவிட்டார்.

முதலில் பெரிய கேமை வரவே விடாமல், சின்ன கேமிலேயே கீழிருந்து உச்சி வரை ஓட்டச் சொன்னாள். லேப்டாப்பில் இன்ஜினின் பலத்தைக் காட்டுகிற ஒரு பச்சைக் கோடு வந்தது. நன்றாக ஏறி, பிறகு சோர்ந்து கீழே இறங்கியது. அடுத்து, ஆரம்பத்திலிருந்தே பெரிய கேமைப் போட்டு ஓட்டச் சொன்னாள். வண்டி குளிர் கண்டதுபோல் உதறிக்கொண்டு கிளம்பியது. இப்போது ஒரு சிவப்புக் கோடு. அடியில் சோம்பிக் கிடந்து, போகப் போக நிமிர்ந்தது. பெட்ரோலைக் கூட்டிக் குறைத்து, தீப்பொறி விழுகிற நேரத்தை முன்னே பின்னே நகர்த்தி, இதையே திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். கீழே இறங்கிக் காலை நீட்டப் போன முருகப்பனைப் பர்வீன் விடவில்லை.

"இறங்காதீகண்ணே. எடை மாறிருச்சுன்னா கோடும் மாறிரும்."

"சாப்பிடவாவது செய்யலாமாம்மா?"

"சாப்பிட்டாலும் எடை கூடுமே."

முருகப்பன் கொஞ்சம் யோசித்தார். "இடியாப்பம் வண்டிக்குள்ளதானே இருக்கு? டப்பாவுல இருந்தா என்ன, என் வயித்துல இருந்தா என்ன?"

பர்வீன் விரல் விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். அவர் சாப்பிட ஆரம்பித்தார்.

கடைசியில் இரண்டு கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் காட்டினாள். நாலாயிரத்து எழுநூறு பக்கத்தில் பச்சையும் சிவப்பும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன.

"இந்த இடந்தான்க்கா. இதுக்கு முன்னாடி சின்னது பலசாலி, இதுக்கு அங்குட்டு பெரியது பலசாலி. இங்க கை மாத்திவிட்டா ரெண்டு பேர் பலமும் வீணாகாது. இப்ப ஓட்டுங்க."

சிவரஞ்சனி முழு வேகத்தில் மிதித்தாள். வண்டி போனது. போய்க்கொண்டே இருந்தது. அவள் காத்திருந்தாள். எத்து வருமென்று முதுகைத் தயார் செய்து வைத்திருந்தாள். ஓடுதளத்தின் மறுமுனைதான் வந்தது.

"என்ன பர்வீன், பெரிய கேம் வேலை செய்யலையா?"

"எப்பவோ வந்துருச்சு."

"ஒண்ணுமே தெரியலையே!"

"தெரியக் கூடாது. அதான் சரியான கணக்கு." பர்வீன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

சிவரஞ்சனி ஆதரவு தேடிப் பின்னால் திரும்பினாள். முருகப்பன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஓட்டும்போது அவர் கண்ணைக்கூடச் சிமிட்டியதில்லை.

"என் வண்டியில என் புருஷன் தூங்குறாக!" என்றாள் சிவரஞ்சனி. அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. "எனக்குப் பழசு வேணும். மாத்திக் குடு."

"முடியாதுக்கா. இப்ப வேகம் கூடியிருக்கு. கோட்டைப் பாருங்க."

"கோட்டை நான் ஓட்டலையே, வண்டியைத்தானே ஓட்டுறேன்?"

"தப்பான கணக்கை நான் போட மாட்டேன். வேணும்னா பின்னால ஒரு கழுதையைக் கட்டுங்க. அது நல்லா எத்தும்."

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். காருக்கு வெளியே நின்ற முஜிபுர் வயரைச் சுருட்டுகிற மாதிரி வெகுநேரம் சுருட்டிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தலையை உள்ளே விட்டார்.

"பானு, ஒரு சுவிட்ச் வச்சுரட்டா? மேல தள்ளுனா பழைய கணக்கு, கீழ தள்ளுனா உன் கணக்கு. டாக்டர் பாடு, வண்டி பாடு."

பர்வீன் லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. சுவிட்ச் வைத்தார்கள்.

அந்த வாரம் முழுக்க சிவரஞ்சனி சுவிட்சை மேலேயேதான் வைத்திருந்தாள். முருகப்பன் மறுபடி முருகனைக் கூப்பிட ஆரம்பித்தார். பட்டறைப் பக்கம் அவள் போகவே இல்லை. ஆனால் பர்வீன் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டியதாகிவிட்டது. ஒரு பக்கத்துக் கன்னம் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. கூடவே முஜிபுர், பல்வலி அவருக்குத்தான் வந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு.

"கடைசிக் கடவாய்ப் பல். எடுத்துரணும்" என்றாள் சிவரஞ்சனி, எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு.

இன்ஜினுக்குப் பயப்படாத பர்வீன் ஊசியைப் பார்த்ததும் சேரின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். "அக்கா, கோவத்தை இதுல காட்டிராதீக. யா அல்லா... எப்ப எடுக்கப் போறீகன்னு சொல்லிட்டு எடுங்க."

"சொல்றேன். வாயைத் திற."

மரத்துப்போகிற வரை விட்டுவிட்டு, சிவரஞ்சனி அவள் வாய்க்குள் குனிந்தாள். முஜிபுரிடம் சார்ஜா வெயிலைப் பற்றி விசாரித்தாள். ஒக்கூரில் அவருடைய தங்கை பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டாள். பிறகு நிமிர்ந்து கையுறையைக் கழற்றினாள்.

பர்வீன் கண்ணைத் திறந்தாள். "என்னக்கா, இன்னும் எடுக்கலையா?"

"எடுத்தாச்சு."

"பொய்! ஒண்ணுமே தெரியலையே! பல்லு எடுத்தா ஒரு இழுப்பு, ஒரு வலி இருக்க வேணாமா? பாதி உள்ளயே நிக்குதுக்கா, நல்லாப் பாருங்க. இன்னொரு எக்ஸ்ரே எடுங்க."

சிவரஞ்சனி தட்டைத் தூக்கிக் காட்டினாள். பல் வேரோடு முழுசாகக் கிடந்தது. "தெரியக் கூடாது, அதான்..." என்று ஆரம்பித்தவளுக்கு அது யாருடைய பேச்சு என்று உறைத்தது. பர்வீனும் பல்லைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். முஜிபுர் சுவரில் தொங்கிய காலண்டர் பக்கம் திரும்பி நின்றார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

"பஞ்சைக் கடிச்சுக்கிட்டு இரு. பேசக் கூடாது" என்றாள் சிவரஞ்சனி.

பந்தயத்தன்று ஓடுதளத்தில் நல்ல கூட்டம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று கிளப்காரர்கள் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு ஓட்டம், அதில் நல்ல நேரம் எதுவோ அது கணக்கு. சிவரஞ்சனிக்கு எதிராக மறுபடியும் அழகுசுந்தரம். மஞ்சள் கார் பளபளவென்று நின்றது.

கிளம்பும் முன் பர்வீன் ஜன்னல் பக்கம் வந்தாள். வீக்கம் வடிந்திருந்தது. சுவிட்ச் மேலே இருப்பதைப் பார்த்தாள்.

"உங்க வண்டி, உங்க காலு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் ஓட்டத்தில் சிவரஞ்சனி பழைய கணக்கிலேயே போனாள். பல்லைப் பார்த்த பிறகு பாதி மனசு மாறியிருந்தது. ஆனால் இத்தனை பேர் பார்க்கும்போது உறுமாமல் போக மீதி மனசு கேட்கவில்லை. வண்டி எத்தியது, கூட்டம் விசிலடித்தது. மஞ்சள் கார் ஒரு கார் நீளம் முன்னால் கோட்டைத் தாண்டியது.

"சத்தம் போன வருஷத்தை விட அருமைங்க" என்றார் அழகுசுந்தரம், திரும்பி வருகிற வழியில் ஜன்னலை இறக்கி. "இந்தத் தடவை கொஞ்சம் கேட்டுச்சு."

சிவரஞ்சனி தன் ஜன்னலை ஏற்றினாள். கோட்டில் வந்து நின்றாள். பின் கண்ணாடியில் பர்வீன் தெரிந்தாள். முக்காட்டு முனையை விரலில் சுற்றி அவிழ்த்து, சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தன்னைவிட அவளுக்குத்தான் படபடப்பு அதிகம் என்று சிவரஞ்சனிக்கு அப்போதுதான் தெரிந்தது. சுவிட்சைக் கீழே தள்ளினாள்.

கொடி விழுந்தது. இரண்டாவது கியர், மூன்றாவது கியர். எத்து இல்லை, துள்ளல் இல்லை. குரல்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தடித்தது. கூட்டத்திலிருந்து ஒரு விசில்கூட வரவில்லை. வலது பக்கம் மஞ்சள் நிறமே தெரியாததால் அவளுக்குச் சந்தேகம் வந்தது. கொடி விழுவதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டோமோ? அழகுசுந்தரம் இன்னும் கோட்டிலேயே நிற்கிறாரோ? ஐயோ, மானம் போச்சே என்று நினைத்துக்கொண்டேதான் எல்லைக்கோட்டைத் தாண்டினாள். தாண்டிய கையோடு பின் கண்ணாடியைப் பார்த்தபோது மஞ்சள் கார் அப்போதுதான் கோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தது.

ஒலிபெருக்கியில் நேரத்தைப் படித்தார்கள். அவளுடைய முதல் ஓட்டத்தைவிட அரை விநாடிக்கு மேலேயே குறைவு. அழகுசுந்தரத்தின் இரண்டு ஓட்டத்தையும்விடக் குறைவு. கிளப்காரர் பெயரைச் சொல்லிவிட்டு, நம்பிக்கையில்லாமல் இன்னொரு தடவை படித்தார்.

சிவரஞ்சனி காரை விட்டு இறங்கி ஓடிப்போய்ப் பர்வீனைக் கட்டிக்கொண்டாள். "ஒண்ணுமே தெரியலடி!" என்று கத்தினாள்.

"தெரியாதுக்கா, தெரியாது!" என்று அவளும் கத்தினாள். இரண்டு பேரும் குதித்தார்கள். முருகப்பன் இதைப் போட்டோ எடுக்கப்போய், செல்போனைத் திருப்பிப் பிடித்துத் தன் முகத்தையே எடுத்து வைத்தார்.

அழகுசுந்தரம் மெதுவாக நடந்து வந்தார். வாய் கொஞ்சம் நீளம் என்றாலும் தோல்வியைக் கண்ணியமாகத்தான் வாங்கிக்கொண்டார்.

"இந்தத் தடவை சத்தமே கேக்கலையே டாக்டரம்மா. யாரு பாத்தாக வண்டியை?"

சிவரஞ்சனி பர்வீனைக் காட்டினாள்.

"என் வண்டியையும் பாக்குறீகளாம்மா? எனக்கு அந்த முதல் ஓட்டத்துல இவுக வண்டி ஒரு எத்து எத்துச்சு பாருங்க, அது வேணும்."

பர்வீன் முஜிபுரைப் பார்த்தாள். "மச்சான், நீங்களே பேசிக்கங்க" என்று நகர்ந்துவிட்டாள்.

பரிசு கொடுத்து முடிந்து கூட்டம் கலைந்தது. கிளப்காரர்கள் விருப்பப்பட்டவர்கள் ஒரு ஓட்டம் சும்மா ஓட்டலாம் என்றார்கள். சிவரஞ்சனி சாவியை எடுத்துப் பர்வீன் கையில் வைத்தாள்.

"நானா?"

"எத்தனை வண்டிக்குக் கணக்குப் போட்டிருக்க? ஒரு தடவையாவது கோட்டுல நின்னிருக்கியா?"

நின்றதில்லை. வண்டி ஓட்டிப் பார்ப்பாள், சரி செய்வாள், சாவியைக் கொடுத்துவிடுவாள். பந்தயம் என்று வந்தால் எப்போதும் வேலிக்கு இந்தப் பக்கம்தான். இப்போது ஓட்டுநர் சீட்டில் ஏறி, சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, தலைக்கவசத்துக்குள் முக்காட்டைச் செருகிக்கொண்டாள். முஜிபுர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ ஓதினார்.

கொடி விழுந்தது. பர்வீன் போன விதம் வேறு. கியர் மாற்றும் இடம் எது என்று இன்ஜினிடம் கேட்டுக் கேட்டு மாற்றியதுபோல இருந்தது. எங்கேயும் ஒரு தடுமாற்றம் இல்லை. சிவப்பு நிறம் சிறுத்துக்கொண்டே போய், கோட்டைத் தாண்டி நின்றது.

பர்வீன் திரும்பி வந்து இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றினாள். முகமெல்லாம் சிரிப்பு. நேரம் குறிக்கிறவர் நேரம் எழுதிய துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினார். சிவரஞ்சனி வாங்கிப் பார்த்தாள். தன்னுடைய நேரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. கொஞ்சம்தான். ஆனால் குறைவு.

"இதெல்லாம் கணக்குல வராதுக்கா, சும்மா ஓட்டுனதுதான்" என்றாள் பர்வீன் அவசரமாக.

சிவரஞ்சனி சீட்டை மடித்துக் கைப்பைக்குள் போட்டாள். "சாவியை இங்குட்டுக் குடு."

"டாக்டர், முடிஞ்சு போச்சு. எல்லாத்தையும் எடுத்தாச்சு" என்றார் கிளப்காரர். ஆட்கள் எல்லைக்கோட்டுக் கூம்புகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"திரும்ப வைக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, சிவரஞ்சனி தலைக்கவசத்தை மாட்டினாள்.